சுண்ணாம்புக் கோடு

பிள்ளைப்பாக்கத்து மனையில் மேஸ்திரி கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, ஒரு ரூம். கதவு வரும் இடங்களை மட்டும் கோடில்லாமல் விட்டார்.

"புள்ளைக்குத் தனியா ரூம் வேணாமா?"

"வேணாம்" என்றான் அப்பாவு. மகள் எஸ்தரைப் புதைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேஸ்திரிக்கு அது தெரியாது.

ஆடும் கோழியும் ஆட்களும் கோட்டை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். ஆனால் தூறல் விட்ட மறுநாள் காலையில், ஈர மண்ணில் சின்னக் காலடிகள் வாசலுக்கு விட்ட இடத்தின் வழியே நுழைந்து, கூடம் தாண்டி ரூமுக்குள் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

அப்பாவு யாரிடமும் சொல்லவில்லை. இனி அவள் எங்கும் போகக் கூடாதென்று, ஒரு கை சுண்ணாம்பை அள்ளி ரூம் வாசலையும் அடைத்துக் கோடு இழுத்தான்.

அடுத்த நாள் காலடிகள் ரூமுக்குள்ளேயே கோட்டை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்திருந்தன. அவன் பெண்சாதி ஞானம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா, வழிய அடைச்சிட்டியே. கொயந்த எப்பிடி வெளிய வரும்?"

அவன் மண்வெட்டி எடுத்து எல்லாக் கோட்டையும் சுரண்டி எறிந்தான். வெறும் தரைதான் மிஞ்சியது.

விடிந்து போய்ப் பார்த்தார்கள். காலடிகள் ரூமுக்குள்ளிருந்து, வாசலை அடைத்த கோடு இருந்த அதே இடம்வரை வந்து, அங்கேயே திரும்பியிருந்தன.