ஒரே மூச்சில் பூமயில்

கபடி ஆட்டக்காரி பூமயிலின் குரல்நாணில் கடுகளவு கட்டி. கத்தி வைத்தால் குரல் போய்விடுமோ என்று பயந்துதான் கத்தியில்லாத இந்த லேசர் சிகிச்சைக்கு மதுரை வந்திருந்தாள். டாக்டர் ரெஜினா மெல்லிய குழாய் ஒன்றை அவள் மூக்கு வழியாகத் தொண்டைக்குள் இறக்கினார். அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத தங்க முனைகள். லேசர் படும்போது மட்டும் அவற்றிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பிக் கட்டியைச் சுடும்.

“பேசாம இருக்கணுமா டாக்டர்?”

“இல்லம்மா, விடாம பேசணும். குரல்நாண் அதிர்றப்ப கட்டி மேல வரும். அந்த நொடியில மட்டும் லேசர் அடிக்கும். நடுவுல மூச்சு வாங்கினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

பூமயில் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். “கபடி கபடி கபடி...” என்று வாய் தானாகத் தொடங்கியது. திரையில் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. சுற்றியிருந்த சதை பழுதில்லாமல் துடித்தது. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

“முடிஞ்சுது, நிறுத்தும்மா!”

அவள் நிறுத்தவில்லை. கையை எட்டி நீட்டி டாக்டரின் தோளைத் தொட்டாள். அதற்குப் பிறகுதான் மூச்சு வாங்கினாள்.

“நீங்க அவுட்டு டாக்டர்!” என்றாள், கணீரென்று.