பல் தடம்

பள்ளி வாசலில் காரை நிறுத்திய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, வக்கீலம்மா சும்மா வரவில்லை.

பெரிய டீச்சர் ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காலையில் விளையாட்டு நேரத்தில் வக்கீலம்மாவின் மகனை ஒரு சிறுமி தோளில் கடித்துவிட்டாள். வேறு குழந்தை என்றால் ஐஸ் வைத்துத் தேய்த்து விட்டிருப்பார்கள். இந்தச் சிறுமிக்குப் பிறவியிலேயே எச்.ஐ.வி. பதறிப்போய் டீச்சர் போன் போட்டாள்; வக்கீலம்மா ஓடி வந்து மகனை வாரிக்கொண்டு டாக்டரிடம் பறந்தாள். இதோ, திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குள் விஷயம் பரவி, ஆபீஸ் அறை முழுக்கப் பெற்றோர் கூட்டம்.

“விடாதீங்க மேடம், கேஸ் போடுங்க!” என்றார் ஒரு மீசைக்காரர்.

“போடத்தான் வந்திருக்கேன்.”

டீச்சர் கையைப் பிசைந்தாள். “கோபப்படாதீங்க மேடம். அந்தப் பொண்ணைக் காலையிலேயே தனியா உட்கார வெச்சாச்சு. தட்டு, டம்ளர் எல்லாம் தனி. அவ சித்தி வந்ததும் இன்னியோட அனுப்பிடறோம்.”

“டாக்டர் என்ன சொன்னாருங்க?” என்று ஒரு அம்மா முன்னால் வந்தாள். “என் பொண்ணுக்கு அவ தினம் கன்னத்துல முத்தம் கொடுப்பா. எனக்குச் சோறே இறங்கல.”

“நல்லா சாப்பிடுங்க. எச்சில்ல அது பரவாது, அந்த முத்தத்துல ஒண்ணும் ஆகாது. கடிச்ச வாயில ரத்தம் இருந்து, கடிபட்ட தோலும் கிழிஞ்சாத்தான் யோசிக்கவே வேணுமாம். அதுவும் அபூர்வத்துலயும் அபூர்வம். என் பையனுக்குத் தோல்கூட உரியல.”

“டாக்டருக்கென்ன, ஆயிரம் சொல்வாரு! அவர் பிள்ளையைக் கடிச்சிருந்தா தெரியும்.”

வக்கீலம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் மீசைக்காரர் அடங்கிப்போனார்.

“சித்தி உங்ககிட்ட மட்டும் ரகசியமாச் சொன்னதுன்னு போன்ல சொன்னீங்களே டீச்சர், அது எப்படி இத்தனை பேர் வாய்க்கு வந்துச்சு?”

பயத்தில் ஆயாவிடம் உளறியது டீச்சரேதான்.

“அந்தப் பொண்ணைக் காட்டுங்க.”

“குழந்தையைத் திட்டி என்ன மேடம் ஆகப் போகுது…”

“காட்டுங்கன்னேன்!”

உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கிற அறை. நடுவில் ஒரு நாற்காலியில் சிறுமி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் வாசலைத் தாண்டவில்லை. வக்கீலம்மா மட்டும் விறுவிறுவென்று உள்ளே போய் அவள் எதிரில் மண்டியிட்டாள்.

சிறுமி மிரண்டு பின்னால் சாய்ந்தாள். “இனிமே கடிக்க மாட்டேன் ஆன்ட்டி.”

வக்கீலம்மா அவளுடைய முழுக்கைச் சட்டையை மெல்ல மேலே ஒதுக்கினாள். முழங்கைக்கு மேலே வட்டமாகப் பல் தடம். கன்றிக் கறுத்து, வீங்கிப்போயிருந்தது.

“ஐயோ, இது என்ன?” என்றாள் டீச்சர்.

“என் பையன் பல்லு. ரயில் பொம்மைக்குச் சண்டை. முதல்ல கடிச்சது அவன்தான்னு டாக்டர்கிட்ட அவனே சொன்னான்.” வக்கீலம்மா வாசலில் நின்ற கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “அவனைத் தூக்கிட்டு நாம அத்தனை பேரும் அலறினோமே, காலையிலிருந்து இந்தக் கையை உங்கள்ல ஒருத்தராவது தொட்டுப் பார்த்தீங்களா?”