ஆறில் ரெண்டு

"கால் உடைஞ்சு கிடக்கிறவளைக்கூட விட மாட்டாங்களா இவங்க?"

பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

கட்டிலில் தங்கை சாய்ந்திருந்தாள். தொடை வரை மாவுக்கட்டு. கட்டிலைச் சுற்றியும், ஜன்னல் விளிம்பிலும், செருப்பு வைக்கும் பலகையிலுமாக ஒரு வகுப்பே உட்கார்ந்திருந்தது. அலமாரிக் கதவுதான் கரும்பலகை.

"சம்பளமில்லாம சொல்லிக் கொடுக்கறேன்னு கடல் தாண்டி வந்தே. பள்ளிக்கூடத்து மாடிப்படியில விழுந்தே. சரி, ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தா, இங்க வகுப்பு நடக்குது!"

"சத்தம் போடாதேண்ணா. குழந்தைங்க பயப்படும்."

"பயப்படட்டும். நாளன்னிக்கு விமானம். உனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட்."

"இதுங்களை இப்படியே விட்டுட்டா? கூத்தைப் பாரு." ரெட்டைச் சடைச் சிறுமி ஒருத்தியைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?"

சிறுமி விட்டத்தைப் பார்த்தாள். "ஆறில் ரெண்டு, டீச்சர்."

"மேலே இருக்கறதை மேலேயும் கீழே இருக்கறதைக் கீழேயும் கூட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து, குச்சியால் அலமாரியைத் தட்டினாள். முகம் சிவந்திருந்தது. "பார்த்தியாண்ணா? நான் போயிட்டா இதுங்க கதி?"

அண்ணன் ஆடிட்டர். தப்புக் கணக்கைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு எரியும்.

"இந்த மக்குகளுக்காகவா உயிரை விடறே?"

தமிழ் புரியாத குழந்தைகள் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தன.

மறுநாள் காலை, தலைமையாசிரியையை ஒரு பிடி பிடித்துவிடுவது என்று அண்ணன் பள்ளிக்கூடம் போனார். பூட்டுப் போட்ட முகத்தோடு அந்தம்மாள் வராந்தாவில் நின்றிருந்தார்.

அவரிடம் போகும் வழியில் ஒரு வகுப்பறை ஜன்னல். உள்ளே நேற்றுப் பார்த்த அதே குழந்தைகள். யாரோ ஒரு இளம் ஆசிரியர். கரும்பலகை முன்னால் ரெட்டைச் சடை.

அரையும் காலும் முக்கால் என்று எழுதினாள். அதைவிடக் கடினமான ஒன்றைக் கொடுத்தார் ஆசிரியர். கொசு அடிப்பதுபோல அதையும் போட்டு முடித்தாள்.

அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு... நேத்து..."

"உஷ்!" தலைமையாசிரியை அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "உங்க தங்கச்சி விழுந்த மறுநாளே மாற்று ஆசிரியர் வந்துட்டார். பாடம் ஒண்ணும் நிக்கலை."

"அப்புறம் எதுக்கு சாயங்காலம் அங்கே கூட்டம்?"

"உங்க தங்கச்சி இங்க உதவி பண்ண வந்தவங்க. குளியலறைக்குப் போகவே ரெண்டு பேர் தூக்கணும்னு ஆயிட்டுது. பாரமாயிட்டேன்னு சுவரைப் பார்த்துப் படுத்தவங்க இந்தப் பக்கம் திரும்பலை. சாப்பாடும் கிடையாது. குழந்தைங்க பார்க்கப் போனப்ப, இந்தப் பொண்ணு பதற்றத்துல ஒரு கணக்கைத் தப்பாச் சொல்லிட்டா. அப்பதான் எழுந்து உட்கார்ந்தாங்க. அப்படி ஒரு திட்டு! திட்டி முடிச்சதும், பசிக்குதுன்னு சூப் கேட்டாங்க."

"அதனால..."

"அதனால தினமும் தப்பு." அந்தம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு கண்டிப்பு வெச்சிருக்கேன். காலையில இங்க சரியாப் போடறவங்களுக்குத்தான் சாயங்காலம் அங்க தப்பாச் சொல்ல அனுமதி."

திட்டுவதற்கென்று அண்ணன் ராத்திரி முழுக்கத் தயார் செய்திருந்த ஆங்கில வாக்கியங்கள் வீணாகப் போயின.

சாயங்காலம் அறை மறுபடி நிறைந்தது. அண்ணனைப் பார்த்ததும் ரெட்டைச் சடைக்கு முகம் வெளுத்துவிட்டது. காலையில் ஜன்னலில் நின்றவர் ஆயிற்றே!

"தலைமையாசிரியையோட சண்டை போட்டியாண்ணா?"

"போட்டேன் போட்டேன். உன் டிக்கெட்டையும் ரத்து பண்ணிட்டேன். கால் சரியாகட்டும், அப்புறம் மெதுவா வா." செருப்புப் பலகையில் சிறுமியை நகரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தங்கை அவரை விநோதமாகப் பார்த்தாள். பிறகு குச்சியை நீட்டினாள். "சரி, யார் சொல்றீங்க? அரையும் காலும்?"

ஒரு கையும் உயரவில்லை. ரெட்டைச் சடை வாயை இறுக்கிக்கொண்டு, கடைக்கண்ணால் அண்ணனையே பார்த்தாள்.

ஆடிட்டர் கையைத் தூக்கினார்.

"ஆறில் ரெண்டு, டீச்சர்."