புகை அடங்குவதற்குள்

ஞானதிரவியத்தின் பழைய கார் ஆயிலைக் குடித்து நீலப்புகை கக்கும். "இந்தப் புகை நிக்கிற வரைக்கும் உங்க காருல ஏற மாட்டேன்" என்று அவன் மனைவி ரூபி தெருவே கேட்கச் சொல்லியிருந்தாள். புகையை நிறுத்த, அவன் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த நான்கு துளைகளிலும் உள்ளே படிந்த கரியைக் கரைக்கும் திரவத்தை ஊற்றி, பிஸ்டன்களை இரவு முழுக்க ஊறவிட்டான். "ஊறுகாயா போடுதீங்க?" என்றார் எதிர்வீட்டுக்காரர். காலையில் மிச்சத்தை வெளியேற்றி, பிளக்குகளை மாட்டிச் சாவியைத் திருப்பினான். ஊறிய கரியெல்லாம் ஒரேயடியாக எரிந்தது. வெள்ளைப்புகையில் தெருவே காணாமல் போனது. மாடிகளிலிருந்து இருமல் மட்டும் கேட்டது. காரில் அவனுக்குப் பக்கத்து இருக்கையின் கதவு திறந்து, மெதுவாக மூடிக்கொண்டது. பவுடர் வாசம் வந்தது. "ஒருத்தரும் பாக்கல" என்றாள் ரூபி. "புகை அடங்குறதுக்குள்ள வண்டிய எடுங்க."