மூன்றாவது மன்றாட்டு

மைக் முதலில் அவள் மூச்சைத்தான் வாசித்தது.

நிமிர்ந்தாள். மாதா கோயிலே எழுந்து நின்றது. இடப்பக்கம் பெண்கள். வலப்பக்கம் ஆண்கள்.

வாசக மேடை வழக்கம்போல ஒரு காலில் ஆடியது.

கையில் இரண்டு தாள். மேலே இருப்பது மன்றாட்டு, பூசையில் ஊருக்காக வாசிக்கிற வேண்டுதல்கள். இந்த ஞாயிறு வாசிக்கிற முறை அவளுடையது.

அடியில் இருப்பது வாபஸ் தாள்.

இரண்டையும் சேர்த்தே கொடுத்தார் ஊர்க் கமிட்டித் தலைவர் ரெமிஜியுஸ். பூசைக்கு முன்னால், கோயில் வாசலில்.

"ஏட்டி, மன்றாட்டை வாசி. பூசை முடிஞ்சதும் அடுத்த தாள்ல கையெழுத்தப் போடு. நாளைக்கு மூணு மணிக்குள்ள குடுக்கணும். கருவாட்டுக் கூடை சுமக்குற தலைக்கு நாற்காலி எதுக்குங்கேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"உக்காரத்தான் மாமா."



ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு. ரெமிஜியுஸ் தன் மனைவியை நிறுத்தியிருந்தார். எதிர்த்து மனுப் போட்டவள் இவள் ஒருத்திதான். இவள் விலகிவிட்டால் தேர்தலே கிடையாது.

முதல் மன்றாட்டு, திருத்தந்தைக்காக.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எல்லாக் குரல்களுக்கும் முன்னால் ரெமிஜியுஸின் குரல் ஓடியது. இருபது வருஷமாக அப்படித்தான்.

இரண்டாவது, நோயாளிகளுக்காக. மறுமொழி வந்தது.

மூன்றாவது.

'எங்கள் ஊரின் வருங்காலத் தலைவியாகிய, திரு. ரெமிஜியுஸ் அவர்களின் துணைவியாருக்காக' என்று எழுதியிருந்தது.

துணைவியார்.

முன்வரிசையில் அந்தத் துணைவியார் நின்றாள். புதுச் சேலை, முக்காடு, குனிந்த தலை. சிறுமியாக, இவளோடு ஒரே நாளில் புதுநன்மை வாங்கியவள். அன்றைக்கு அவளுக்கு ஒரு பெயர் இருந்தது.

தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எங்கள் ஊரை இனி ஆளப்போகிறவர்களுக்காக. செலஸ்தீனாளுக்காக. அவளை எதிர்த்து நிற்கிற, கருவாடு விற்கும் திரேசம்மாளுக்காக. இருவரில் யார் ஜெயித்தாலும், நாற்காலியில் அவளே உட்காரும் வரத்தைத் தந்தருள, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

மறுமொழி வரவில்லை.

ரெமிஜியுஸ் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டு ஆண்கள் பக்கம் நின்றது. ஆண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பெண்கள் பக்கம்.

மறுமொழி வராமல் மன்றாட்டு முடியாது. மன்றாட்டு முடியாமல் பூசை நகராது. பீடத்தில் சாமியார் கை குவித்தபடி காத்திருந்தார்.



அவள் இறங்கவில்லை.

வாபஸ் தாளை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். எட்டாக. குனிந்து, வாசக மேடையின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினாள்.

மேடை ஆடாமல் நின்றது.

மறுபடியும் வாசித்தாள். மெதுவாக. அவசரமே இல்லாமல். அந்த இரண்டு பெயர்களை மட்டும், கடற்கரையில் கூவி விற்கிற குரலில்.

முன்வரிசையில் ஒரு முக்காடு சரிந்தது. சரிந்ததை செலஸ்தீனாளின் கை இழுத்துவிடவில்லை.

"ஆண்டவரே..."

ஒற்றைக் குரல்.

ரெமிஜியுஸின் தலை பெண்கள் பக்கம் திரும்பியது.

மறுமொழியின் மிச்சத்துக்காக மேடையில் அவள் காத்து நின்றாள்.