பதினெட்டாவது பாட்டில்

தட்டில் ஓட்டை விழுந்திருந்தது!

ஒன்று இரண்டல்ல, ஏழு. அஃப்ரீன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினாள். ஏழேதான்.

காலில் கண்ணாடி குத்தி வார்டில் கிடக்கும் மாரப்பனின் புண்ணிலிருந்து எடுத்த கிருமி, ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் அந்த வட்டத் தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி படர்ந்திருந்தது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. போட்ட ஊசியையெல்லாம் விழுங்கி ஏப்பம் விட்ட கிருமி.

அதைத் தின்றே பிழைக்கிற வைரஸ் ஒன்று உண்டு, ஃபேஜ் என்பார்கள். எங்காவது சாக்கடையில்தான் இருக்கும். அது கிடைத்தால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், இல்லையென்றால் திங்கட்கிழமை எடுத்துவிட வேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று சனிக்கிழமை.

மூன்று வாரமாகக் குன்னூரில் அவள் குனிந்து மொள்ளாத சாக்கடை இல்லை. மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, அரவேணு வரைக்கும் போய்வந்தாள். எங்கே நாற்றம் குடலைப் பிடுங்கும் என்று படுத்த படுக்கையாகவே வழி சொன்னவர் மாரப்பன்தான். இருபது வருடமாகச் சாக்கடை அடைப்பு எடுப்பவர், அவருக்குத் தெரியாததா!

பதினேழு பாட்டில் தண்ணீரையும் வடிகட்டிச் சொட்டுவிட்டுப் பார்த்தாயிற்று. கிருமி அசைந்தே கொடுக்கவில்லை.

பதினெட்டாவது பாட்டில் சொட்டிய இடத்தில்தான் இந்த ஏழு ஓட்டை. ஃபேஜ் தின்று தீர்த்த இடம்!

ஐயோ, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஓடினாள். சிரித்து யாருமே பார்த்திராத அந்த மனிதர் பல் தெரியச் சிரித்து, திங்கட்கிழமை ஆபரேஷனைப் பட்டியலிலிருந்து தன் கையாலேயே அடித்துவிட்டார். அங்கிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். ஓடாதே என்று அதட்டிய நர்ஸுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம் கிடைத்தது.

"மாரப்பண்ணே, உங்க காலை எடுக்கலை!"

மாரப்பன் முதலில் காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார், பிறகு அழுதார், பிறகு இரண்டையும் சேர்த்தே செய்தார். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. எந்தச் சாக்கடை, எந்தச் சாக்கடை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பக்கத்துக் கட்டில் தங்கவேலு, எங்க தெருவாத்தான் இருக்கும் என்று மார்தட்டினார்.

அஃப்ரீனுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. முந்தாநாள் வெறுத்துப்போய் வீடு திரும்பியவள், இது ஒன்றுதான் பாக்கி என்று தன் வீட்டுக் கொல்லைச் சாக்கடையிலேயே பாட்டிலை முக்கியிருந்தாள். அம்மா காதில் விழுந்தால் மானமே போய்விடும். குனிந்து மாரப்பன் காதோடு மட்டும் சொன்னாள்.

மாரப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அங்க அடைப்பு எடுக்கறப்பத்தானுங்க அம்மிணி எனக்குக் கண்ணாடி குத்துச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே குத்தியது, அந்த இடத்துத் தண்ணீர்தான் முதலில் வேண்டும் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள்! ஒவ்வொரு தடவையும் மறந்துபோச்சுங்க என்றே சாதித்த மனுஷன் இவர். கால் போகும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையே என்று அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மாரப்பன் போர்வை நுனியைத் திருகினார்.

"உங்கம்மா கையால டீயும் பன்னும் வாங்கித் தின்னுபோட்டு, உங்க ஊட்டுக் கண்ணாடின்னு எப்படிங்க சொல்றது?"