உறை கழற்றாத சோபா

மாலை வெயில் சன்னல் வழியே வந்து சோபாவின் பிளாஸ்டிக் உறையில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. அழுக்குப் படாமலிருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று வாங்கிய நாளிலிருந்து கழற்றாத உறை. நர்ஸ் படிப்புக்கு வெளிநாடு வந்தவள் அதில் உட்காருகிறாள், எழுகிறாள், மறுபடி உட்காருகிறாள். ஒவ்வொரு தடவையும் அது சரசரக்கிறது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த கணவன், கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறான். படிக்க வருகிறவர்களின் துணைக்கு இனி வேலையும் இல்லை, தங்க அனுமதியும் இல்லை என்று அரசாங்கம் யோசிப்பதாகக் காலையில் செய்தி. “யோசனைதானேங்க. சட்டமே ஆகல, அதுக்குள்ள சோபாவ விக்க விளம்பரம் போட்டுட்டீங்க.” “சட்டமானா எல்லாரும் விப்பாங்க. அப்ப யாரு வாங்குவா?” “அப்படியே என்னையும் விளம்பரத்துல போட்டுடுங்க.” “உன்னை வித்துட்டா நான் எந்த விசாவுல இருப்பேன்?” இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அழைப்பு மணி அடிக்கிறது. வாங்க வந்திருப்பவர்கள் இளம் தம்பதி. ஊரிலிருந்து வந்து இறங்கிய களைப்பு இன்னும் முகத்தில் இருக்கிறது. அந்தப் பெண் சோபாவின் கையைத் தடவிப் பார்க்கிறாள். “புத்தம் புதுசா இருக்கேக்கா. எனக்கு வர்ற வாரம் காலேஜ் தொடங்குது. இவரும் இங்கயே வேலை தேடிக்குவாரு. ஆமா, நீங்க ஏன் விக்கறீங்க?” கணவன் வாயைத் திறக்கிறான். அவள் முந்திக்கொள்கிறாள். “கலர் பிடிக்கலம்மா.”